ஏப்ரலில் நீங்கள் போய்விடுவீர்கள்: தொண்டு நிறுவனத்தில் களப்பணி தொடங்கும் சமூகப்பணி மாணவர்களுக்கு

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படித்த இரண்டு வருடமும் எனக்குக் களப்பணி ஒரே இடத்தில்தான். திருவள்ளூர் மாவட்டத்தில் இருளர் பழங்குடிக் குடும்பங்களோடு வேலை செய்யும் ஒரு சின்ன தொண்டு நிறுவனம். முதல் வருடம் நான் செய்த தவறைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன், அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குப் பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் கேட்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். அவர்கள் வீட்டுப் போன் பாதி நாள் ரீசார்ஜ் இல்லாமல் கிடக்கும், அதனால் ஓ.டி.பி. வர வசதியாக இருக்கட்டும் என்று என் நம்பரைக் கொடுத்தேன். ஏப்ரலில் களப்பணி முடிந்தது, தேர்வு வந்தது, நான் ஊருக்குப் போய்விட்டேன். கூடுதல் ஆவணம் கேட்டு வந்த குறுஞ்செய்தி என் போனில் விளம்பரங்களுக்கு நடுவே கிடந்தது, நான் பார்க்கவில்லை. மனு தள்ளுபடியானது அந்தக் குடும்பத்துக்குத் தெரியவே தெரியாது. ஜூனில் பதினொன்றாம் வகுப்பில் சேரப் போனபோது சான்றிதழ் கையில் இல்லை. அந்த வருடத்து உதவித்தொகை போய்விட்டது. அடுத்த முறை நான் போனபோது அந்தப் பெண்ணின் அம்மா கோபப்படவில்லை. "நீ வந்துட்டுப் போறவதானம்மா" என்று மட்டும் சொன்னார்.

நாம் வந்துவிட்டுப் போகிறவர்கள்தான். அதை முதல் நாளிலேயே கணக்கில் எடுத்து வேலையைத் திட்டமிட்டால் பாதிப் பிரச்சினை வராது. கீழே இருப்பது எல்லாம் தமிழ்நாட்டில் படிக்கும் மாணவர்களுக்காக, இளங்கலையான பி.எஸ்.டபிள்யூ. மாணவர்களுக்கும் சேர்த்து.

1. முதலில் காலண்டரை எடுங்கள்

பெரும்பாலான கல்லூரிகளில் வாரம் இரண்டு நாள் களப்பணி. பதினைந்து வாரம் என்றால் முப்பது நாள் என்று தோன்றும். விடுமுறை, உள்மதிப்பீட்டுத் தேர்வு, கருத்தரங்கு, ரூரல் கேம்ப் எல்லாம் கழித்தால் எனக்கு ஒரு செமஸ்டரில் இருபத்திரண்டு நாள்தான் தேறியது. அந்த இருபத்திரண்டை ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அதே தாளில் மக்களின் நாட்களையும் எழுதுங்கள். எங்கள் பகுதியில் பொங்கல் முடிந்ததும் பல குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போய்விடும், மழைக்கு முன்னால்தான் திரும்பும். இது தெரியாமல் நான் ஜனவரி கடைசியில் ஒரு பெரிய குரூப் வொர்க் (குழுவாகச் சேர்த்து வேலை செய்வது) திட்டத்தோடு போய் நின்றேன், பாதி வீடு பூட்டிக் கிடந்தது. உங்கள் பகுதியில் அது கரும்பு வெட்டாக இருக்கலாம், சவுக்கு வெட்டாக இருக்கலாம், உப்பளமாக இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளிச் சேர்க்கை ஜூனில் நடக்கும். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் நடத்தை விதி முடியும்வரை குறைதீர் கூட்டங்கள் நிற்கும். இந்த மூன்றையும் எழுதிப் பார்த்தாலே எந்த வேலையை எந்த மாதம் தொடங்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

2. நிறுவனத்தை உறுதி செய்வதற்கு முன்

சில கல்லூரிகளில் துறையே இடம் ஒதுக்கிவிடும், சிலவற்றில் நாமே தேட வேண்டும். எதுவாக இருந்தாலும் நிறுவனத்தைப் பற்றிக் கொஞ்சம் விசாரிக்க உங்களுக்கு உரிமை உண்டு. அறக்கட்டளையா, 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கமா, கம்பெனிகள் சட்டத்தின் பிரிவு 8-இல் வருவதா என்று கேளுங்கள். நிதி ஆயோக்கின் தர்ப்பன் தளத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தர்ப்பனில் பெயர் இருப்பது நல்ல நிறுவனம் என்பதற்குச் சான்று ஆகாது, ஆனால் பெயரும் முகவரியும் நிர்வாகிகளும் நமக்குச் சொல்லப்பட்டதோடு பொருந்துகிறதா என்று தெரியும்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது நிறுவனத்தாரிடம் நேரில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள். இந்தக் குடியிருப்புக்கு எத்தனை வருடமாகப் போகிறீர்கள்? என்னைக் களத்தில் யார் பார்த்துக்கொள்வார்? போன வருடம் வந்த மாணவர்கள் என்ன செய்தார்கள், அந்தப் பதிவேட்டைப் பார்க்கலாமா? மூன்றாவது கேள்விக்கு ஒரு நோட்டு வெளியே வந்தால் நல்ல இடம். எதுவுமே இல்லை, வெறும் போட்டோ ஆல்பம்தான் இருக்கிறது என்றால் யோசியுங்கள், நீங்கள் போன பிறகும் அதுதான் மிஞ்சும்.

இன்னும் இரண்டு பொறிகள். இன்டர்ன்ஷிப் சான்றிதழுக்குப் பணம் கேட்கும் இடத்துக்குப் போகாதீர்கள். அலுவலகத்தில் டேட்டா என்ட்ரிக்கு மட்டும் உட்கார வைக்கும் இடமாக இருந்தால் மூன்றாவது வாரத்துக்குள் துறை சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுங்கள், அதற்குப் பிறகு இடம் மாற்றுவது கஷ்டம்.

பெண் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, சம்பளம் வாங்காத பயிற்சியாளருக்கும் தன்னார்வலருக்கும் பொருந்தும். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனத்தில் இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சின்ன நிறுவனம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். குழுவில் யார் யார் என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், சங்கடமாக இருந்தாலும் கேளுங்கள்.

3. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

கல்லூரித் துறைத் தலைவரின் கடிதம், நிறுவனம் தரும் ஏற்புக் கடிதம், கல்லூரி அடையாள அட்டை, அங்கே படிப்பதற்கான போனஃபைடு சான்றிதழ், சில கல்லூரிகளில் பெற்றோர் ஒப்புதல் கடிதம். கடிதம் கேட்டு, கையெழுத்தாகி, நிறுவனத்துக்குப் போய், பதில் வர எனக்கு மூன்று வாரம் ஆனது. செமஸ்டர் தொடங்கிய பிறகு கேட்டால் அந்த மூன்று வாரத்தில் ஆறு களப்பணி நாள் போய்விடும். விடுமுறையிலேயே கேட்டுவிடுங்கள். கடிதத்தில் நிறுவனத்தின் பெயர் பதிவுச் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும், தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் இருக்க வேண்டும். ஐந்து ஜெராக்ஸ் எப்போதும் பையில் இருக்கட்டும்.

கல்லூரிக்கும் நிறுவனத்துக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தம் இருக்கலாம், ஆனால் அதில் உங்கள் வேலை பற்றி ஒரு வரியும் இருக்காது. அதனால் நிறுவன சூப்பர்வைசரோடு உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். எந்த நாட்கள், எந்தக் குடியிருப்பு, என்ன வேலை, பயணச் செலவு யாருடையது, அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும், நான் சேகரிக்கும் விவரங்கள் யாரிடம் இருக்கும். இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி. முதல் வருடம் இதை நான் செய்யவில்லை. இரண்டாம் வருடம் செய்தேன், அலுவலக விழாவுக்கு நாற்காலி போட என்னைக் கூப்பிடுவது குறைந்துவிட்டது.

அரசு அலுவலகத்துக்குப் போகும்போது கல்லூரிக் கடிதத்தை நீட்டாதீர்கள், நிறுவனத்தின் கடிதத்தைக் காட்டுங்கள். மனு உங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டால் நீங்கள் போன பிறகு அதைத் தொடர ஆள் இருக்காது.

4. முதல் நான்கு நாள் நோட்டைத் திறக்காதீர்கள்

ரிப்போர்ட் எழுத வேண்டிய பதற்றம் எனக்குப் புரியும். ஆனால் முதல் நாளே நோட்டும் பேனாவுமாகப் போய், "வீட்டில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு" என்று கேட்டால், அவர்கள் ஏற்கெனவே பத்துப் பேருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்வார்கள். அந்தப் பத்துப் பேர் வந்து போனதில் எதுவும் மாறவில்லை என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நிறுவனத்தின் களப்பணியாளரோடு போங்கள், தனியாகப் போகாதீர்கள். பதினொரு மணிக்குப் போனால் பாட்டிகளும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். காலை ஏழரைக்கு முன்னால், இல்லையென்றால் மாலை நான்கரைக்குப் பிறகு போங்கள். கல்லூரி நேரத்துக்கு இது ஒத்துவராது, சூப்பர்வைசரிடம் பேசித்தான் அனுமதி வாங்க வேண்டும், வாங்குங்கள். தண்ணீரோ டீயோ கொடுத்தால் குடியுங்கள். அவர்கள் வீட்டில் கை நனைக்காமல் போனவர்கள் எத்தனையோ பேர், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கவனிப்பார்கள்.

என்ன சொல்லி அறிமுகமாவது என்பதில் நான் ரொம்பத் தடுமாறினேன். கடைசியில் சொல்லிப் பழகியது இதுதான்: "நான் படிக்கிற பொண்ணு. ஏப்ரல் வரைக்கும் வாரத்துல ரெண்டு நாள் வருவேன். எனக்கு அதிகாரம் ஒண்ணும் கிடையாது. எழுதுறது, ஆபீசுக்குக் கூட வர்றது, இதெல்லாம் செய்வேன்." போகும் தேதியை முதல் நாளே சொல்லிவிடுவது முக்கியம். "பார்க்கலாம்", "முயற்சி பண்றேன்" என்ற வார்த்தைகளை அளந்து பேசுங்கள், நமக்கு அது மரியாதைக்குச் சொல்வது, வருடக்கணக்காகக் காத்திருப்பவர்களுக்கு அது வாக்கு.

5. ஒரே ஒரு வேலையை எடுங்கள்

கல்லூரி கேஸ் வொர்க் (தனி ஒருவரோடு அல்லது ஒரு குடும்பத்தோடு செய்யும் வேலை) இத்தனை, குரூப் வொர்க் இத்தனை அமர்வு என்று கணக்குக் கேட்கும். அந்தக் கணக்கை ஒரே வேலைக்குள் அடக்க முடியும். நான் எடுத்தது ஆவணங்கள். முப்பத்தொரு குடும்பம், ஆளுக்கு ஒரு வரி. பிறப்புச் சான்று, ஆதார், ரேஷன் அட்டை, சாதிச் சான்று, வங்கிக் கணக்கு என்று ஐந்து கட்டம். இருந்தால் டிக், இல்லையென்றால் காலி, இருந்தும் பெயர் தவறாக இருந்தால் சிவப்பு. நோட்டு நிறுவனத்தின் நோட்டு, என் பையில் ஒருநாளும் ஊருக்கு வரவில்லை.

அந்தச் சிவப்புக் கட்டங்கள்தான் பெரிய தலைவலி. பிறப்புச் சான்றில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து, பள்ளியில் செல்லப் பெயர், அப்பாவின் இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் இல்லவே இல்லை. இதைச் சரிசெய்யாமல் அடுத்த விண்ணப்பம் போட்டால் அங்கேயும் அதே காரணத்துக்காகத் திரும்பும். எந்த எழுத்தை நிலையாக வைத்துக்கொள்வது என்று குடும்பத்தோடு பேசி முடிவெடுங்கள், பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் பள்ளிப் பதிவேட்டில் உள்ளதை வைத்துக்கொள்வது பின்னால் நல்லது. ஏனென்றால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அதுதான் வரும், அதற்குப் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

ஒரு செமஸ்டரில் எது முடியும், எது முடியாது என்று என் அனுபவத்தில் சொல்கிறேன்.

பள்ளியில் சேர்ப்பது முடியும். வயதுச் சான்று இல்லை என்பதற்காக ஆறு முதல் பதினான்கு வயதுக் குழந்தையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதும் காரணமாகாது. இதைத் தெரிந்துகொண்டு தலைமை ஆசிரியரிடம் பணிவாகப் பேசினாலே பெரும்பாலும் வேலை நடக்கும்.

குழந்தைகளுக்கு ஆதார் முடியும். முதல் பதிவு இலவசம், யாரும் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் கைரேகை எடுக்க மாட்டார்கள், ஐந்திலும் பதினைந்திலும் புதுப்பிக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்ட பிள்ளைகள் நிறைய இருப்பார்கள்.

பிறப்புச் சான்று பாதி முடியும். பிறந்து 21 நாளுக்குள் என்றால் கட்டணம் இல்லை. மருத்துவமனையில் பிறந்து பெயர் சேர்க்காமல் விட்டது என்றால் பெயர் சேர்க்கலாம். பிறப்பே பதிவாகாமல் ஒரு வருடம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் அளவில் உத்தரவு வேண்டும், அதற்கு முன்னால் பதிவு இல்லை என்ற சான்றும் வாங்க வேண்டும். அதைத் தொடங்கி வைப்பதுதான் உங்களால் ஆகும்.

வீட்டுமனைப் பட்டாவை எடுக்காதீர்கள். வருடங்கள் ஆகும் வேலை அது. நிறுவனம் ஏற்கெனவே நடத்திக்கொண்டிருந்தால் கோப்பு அடுக்க உதவுங்கள், உங்கள் திட்டமாக அறிவிக்காதீர்கள்.

6. பழங்குடியினர் சாதிச் சான்றிதழ்: முதல் மாதமே தொடங்குங்கள்

தமிழ்நாட்டில் பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர் தருகிறார், அதாவது ஆர்.டி.ஓ. அல்லது சார் ஆட்சியர். இது தெரியாமல் தாலுகா ஆபீஸ் வாசலிலேயே நான் நான்கு களப்பணி நாளைத் தொலைத்தேன். விண்ணப்பம் இ-சேவை மையத்தில் போடலாம், சேவைக் கட்டணம் 60 ரூபாய். கோப்பு வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று மேலே போய்க் கடைசியில் ஆர்.டி.ஓ. மேசைக்கு வரும். ஒவ்வொரு மேசையிலும் எத்தனை நாள் நிற்கும் என்பது இடத்தைப் பொறுத்தது, எங்களுக்கு நான்கு மாதத்துக்குக் குறைந்து ஒன்றுகூட வரவில்லை.

புகைப்படம், ஆதார், ரேஷன் அட்டை, பள்ளிச் சான்று இவற்றோடு அப்பாவின் அல்லது அம்மாவின் சாதிச் சான்று கேட்பார்கள். அது இல்லாத வீடுதான் அதிகம். அப்போது இரத்த உறவினர் யாரிடமாவது சான்று இருக்கிறதா என்று தேடுங்கள். பெரியப்பா மகன், சித்தப்பா, வேறு தாலுகாவில் இருக்கும் அத்தை என்று யாரிடம் இருந்தாலும் அதன் நகலை வாங்கி, உறவுமுறையை ஒரு தாளில் வம்ச மரமாக வரைந்து இணையுங்கள். எங்கள் குடியிருப்பில் ஒரே ஒரு தாத்தாவிடம் பழைய அட்டைச் சான்று ஒன்று இருந்தது, துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அந்த ஒரு தாளை வைத்துப் பதினொரு பேருக்கு வாங்கினோம். கேஸ் வொர்க், குரூப் வொர்க் எல்லாம் அந்த வம்ச மரம் வரைந்த மாலைகளிலேயே முடிந்துவிட்டது, அவ்வளவு பேசினார்கள்.

நரிக்குறவர் குடும்பங்களோடு வேலை செய்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தது 2023 தொடக்கத்தில்தான். பெற்றோரிடம் இருக்கும் பழைய சான்றில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று இருக்கும். அது தவறான சான்று என்று நினைத்து ஒளித்து வைக்காதீர்கள், சமூகத்தின் பெயர் அதில் இருக்கிறது, இணைத்தே கொடுங்கள்.

இப்போது போன் நம்பர். இ-சேவையில் முதலில் விண்ணப்பிப்பவருக்குக் கேன் எண் என்ற அடையாள எண் ஒன்று உருவாக்குவார்கள், அதில் பதியும் நம்பருக்குத்தான் எல்லாச் செய்தியும் வரும். உங்கள் நம்பரைக் கொடுக்காதீர்கள். குடும்பத்தின் நம்பரைக் கொடுங்கள். அது உயிரோடு இருக்காது என்றால் நிறுவனத்தின் அலுவலக நம்பரைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டின் ஒரு பிரதியைக் குடும்பத்திடமும் ஒன்றை நிறுவனக் கோப்பிலும் வையுங்கள். விண்ணப்ப எண், தேதி, எந்த நம்பர் கொடுத்தோம் என்ற மூன்றையும் பதிவேட்டில் எழுதுங்கள். இடைத்தரகர் யாராவது ஏற்கெனவே அவர்களுக்குக் கேன் எண் போட்டிருந்தால் அவருடைய நம்பர்தான் அதில் இருக்கும், அதையும் பார்த்து மாற்றுங்கள்.

விசாரணைக்கு அதிகாரி வரும் நாள் முன்கூட்டியே தெரியாமல் போகலாம். குடும்பம் சூளையில் இருந்தால் "ஆள் இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். பொங்கலுக்கு முன்னால் விசாரணை முடிய வேண்டும் என்றால் ஆகஸ்டில் மனு போக வேண்டும். நான் முதலில் காலண்டர் என்று சொன்னது இதற்காகத்தான்.

மனு நகரவில்லை என்றால் வரிசையாகச் செய்யுங்கள். முதலில் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். அப்புறம் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளில் மனு, அதன் ரசீதைத் தொலைக்காதீர்கள். முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-இலும் புகார் பதியலாம். அதற்கும் பதில் இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு "இந்த எண்ணுள்ள மனு இப்போது எந்த நிலையில், யாரிடம், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது" என்று மட்டும் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். ஏன் தாமதம் என்று கேட்டால் வழவழ பதில் வரும், தேதி கேட்டால் கோப்பு நகரும். வழக்கறிஞர் உதவி தேவைப்படும் நிலை வந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகளுக்கு அங்கே இலவசம், தொலைபேசி எண் 15100. இந்த மனுக்கள் எல்லாம் குடும்பத்தின் பெயரில் இருக்கட்டும், எழுதிக் கொடுப்பது மட்டும் நம் வேலை. மனு கொடுக்கப் போகும்போது அவர்களும் கூட வர வேண்டும். மூன்றாவது முறை, முதலில் சொன்ன பெண்ணின் அம்மாவே ஜன்னலில் பேசினார், நான் பின்னால் நின்றேன்.

7. செலவு

உங்கள் செலவு பெரிதில்லை. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் பல குடியிருப்புகளுக்குக் கடைசி மூன்று கிலோமீட்டருக்குப் பஸ்ஸே இருக்காது, ஷேர் ஆட்டோவுக்கோ நடைக்கோ கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, இ-சேவைக் கட்டணம், இவைதான் மற்றவை. இவற்றை உங்கள் கையிலிருந்து கொடுக்கத் தொடங்காதீர்கள். நான் கொடுத்தேன். அடுத்து வந்த மாணவரால் முடியவில்லை, அவரை மக்கள் சரியாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. நிறுவனத்திடம் கேளுங்கள், அல்லது குடும்பம் கொடுக்கட்டும்.

உண்மையான செலவு அவர்களுடையது. ஒருநாள் ஆர்.டி.ஓ. அலுவலகம் வந்தால் ஒருநாள் கூலி போகும், கைக்குழந்தையோடு வந்தால் இரண்டு பேர் கூலி. அதனால் "ஒருதடவை வந்து பார்த்துட்டுப் போயிடலாம்" என்று யாரையும் கூப்பிடாதீர்கள். முதலில் நீங்கள் தனியாகப் போய், அதிகாரி இருக்கிறாரா, என்னென்ன தாள் வேண்டும், எந்த நாள் பார்ப்பார் என்று கேட்டுவிட்டு வாருங்கள், அதற்குத்தான் நமக்கு அந்த இரண்டு நாள் இருக்கிறது.

8. தனியாகக் கை வைக்கக் கூடாத விஷயங்கள்

முன்பணம் வாங்கியதால் சூளையிலிருந்தோ ஆலையிலிருந்தோ வெளியேற முடியாமல் ஒரு குடும்பம் இருப்பது தெரியவந்தால் அது கொத்தடிமை. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆவேசத்தில் அங்கேயே போய்ப் பேசாதீர்கள், படம் எடுக்காதீர்கள், முதலாளிக்குத் தெரிந்தால் இரவோடு இரவாகக் குடும்பத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார். அன்றைக்கே நிறுவனத் தலைமையிடம் சொல்லுங்கள். அவர்கள் ஆட்சியர் அல்லது ஆர்.டி.ஓ. வழியாகச் செய்வார்கள். மீட்கப்பட்டவர் கையில் விடுவிப்புச் சான்று வந்ததா என்பதை மட்டும் பிறகு கேட்டு உறுதி செய்யுங்கள், மறுவாழ்வு உதவிகள் அதை வைத்துத்தான்.

குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் மறைக்க யாருக்கும் உரிமை இல்லை, நமக்கும் இல்லை. போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி தெரிந்தவர் தகவல் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் இருப்பது குற்றம். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று எந்தக் குழந்தைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாத வாக்கு அது. குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள், நிறுவனத்துக்கும் கல்லூரி சூப்பர்வைசருக்கும் அன்றே தெரிவியுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. குழந்தைத் திருமணம் பற்றித் தெரிந்தாலும் 1098-தான்.

அன்று இரவு உங்களுக்குத் தூக்கம் வராது. கல்லூரி சூப்பர்வைசரோடு நடக்கும் தனிக் கலந்தாய்வு நேரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடிவிடாமல் இதைப் பேசுங்கள், அந்த நேரம் இதற்கும்தான்.

9. ரிப்போர்ட்டும் படங்களும்

பெயர், ஊர், குடியிருப்புப் பெயர், போன் எண் எதுவும் ரிப்போர்ட்டில் வேண்டாம். பெயரை மாற்றினால் போதாது, "அந்த ஊரில் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரே பெண்" என்று எழுதினால் யாரென்று தெரிந்துவிடும். சிறார் நீதிச் சட்டத்தின் வரம்புக்குள் வரும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவது 74-ஆவது பிரிவின்படி குற்றம், ஸ்டேட்டஸில் போடும் படமும் அதில் சேரும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, புரிந்ததா என்று திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகு கைநாட்டு வாங்குங்கள். களப்பணி தேதிக்கான வருகைப் பதிவில் அன்றன்றே நிறுவனத்தின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள், மாதக் கடைசியில் மொத்தமாக நீட்டினால் ஏதாவது ஒருநாள் விடுபடும், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதைத்தான் கேட்பார்கள்.

10. ஒப்படைப்பு: மார்ச் முதல் வாரம் தொடங்குங்கள்

கடைசி நாள் பிரியாவிடை, கேக், குரூப் போட்டோ என்று போய்விடும், அன்றைக்கு எதையும் ஒப்படைக்க முடியாது. ஆறு களப்பணி நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். குடும்பத்துக்கு ஒரு தாள்: எந்த மனு, எண் என்ன, இப்போது எங்கே இருக்கிறது, அடுத்து என்ன, எந்தத் தேதிக்குள், யார் பார்ப்பார். "பார்ப்பார்" என்ற இடத்தில் நிறுவனத்தில் இருக்கும் ஒருவரின் பெயர் வர வேண்டும், அவர் அதைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அசல் ஆவணம் ஒன்றுகூட உங்களிடம் இருக்கக் கூடாது, திருப்பிக் கொடுத்ததற்கு எழுதி வாங்குங்கள். உங்கள் போனில் இருக்கும் ஆதார்ப் படங்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல்களையும் அவர்கள் கண் முன்னாலேயே அழியுங்கள்.

வீடு வீடாகப் போய் அந்தத் தாளை வாசித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் அதையே வாசிக்கச் சொல்லுங்கள், ஒப்புகைச் சீட்டு எந்தப் பையில் இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருக்கும். அடுத்த வருடம் வரப்போகும் மாணவர் யாரென்று ஜூலையில் துறையில் கேட்டு, ஒரே ஒருநாள் அவரோடு போய் அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள். இரண்டாம் வருடம் முடித்த பிறகு நான் அப்படிப் போனேன். முதலில் சொன்ன அந்தப் பெண் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு, சான்றிதழ் வந்துவிட்டிருந்தது. புது மாணவி தன் போனை எடுத்து நம்பர் சொல்லத் தொடங்கியபோது, அந்தப் பெண்ணின் அம்மா ஆபீஸ் நம்பர் எழுதியிருந்த தாளைச் சுவரிலிருந்து எடுத்துக் காட்டினார்.